சலனச் சித்திரமும் சலியாத கையும்

சில வாரங்களுக்கு முன்பு நசரத்பேட்டையிலிருந்து நமக்கு வேண்டிய அன்பர் ஒருவர், தம் பத்து வயதுப் பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு நம் காரியாலயத்துக்கு வந்தார். பிள்ளையின் முகத்தில் குற்றவாளியின் களை; தகப்பனார் கையில் சாட்சியப் பொருளாக ஒரு கணக்கு நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கிக் கொடுத்த நோட்டின் ஓரங்களையெல்லாம் பையன் படம் போட்டுப் பாழாக்கிவிட்டான் என்றும், உபாத்தியாயர் சிவப்பு மையில் எழுதியனுப்பிவிட்டார் என்றும் அவர் பிராது கொடுத்தார். "நீங்கள் வக்கீலுக்குப் படித்தவர், பத்திரிகையும் நடத்துகிறீர்கள். நீங்கள் நாலு வார்த்தை சொன்னால் கேட்பான், ஐயா" என்றார்.

நாம் நோட்டை வாங்கிப் பார்த்தோம். ஒவ்வோர் ஏட்டின் வலது கீழ் மூலையிலும் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கொக்கு வரையப்பட்டிருந்தது. முதல் ஏட்டில் அது ஒற்றைக் காலில் நிற்கிறது. அடுத்த ஏட்டில் கழுத்து இம்மியளவு நீண்டிருக்கிறது. அதற்கடுத்ததில் சிறகு சற்றே விரிந்திருக்கிறது. இப்படி நாற்பது ஏடுகள். ஏடுகளைக் கட்டைவிரலால் சரசரவென்று ஓடவிட்டபோது, கொக்கு தண்ணீரை விட்டு எழும்பி, இரண்டு முறை சிறகடித்து, நோட்டின் விளிம்பைக் கடந்து போய்விட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளையல்லவா? கொக்கு எழும்பும்போது அதன் கால்கள் பின்னால் நீளுவதைக்கூட அவன் விட்டுவிடவில்லை.

"இதை யாரிடம் கற்றுக்கொண்டாய், தம்பி?" என்று கேட்டோம்.

"யாரும் சொல்லித் தரலைங்க. தாத்தாவோட ராமாயணப் படம் பார்க்கப் போனேன். அதெல்லாம் ஒவ்வொண்ணா கையால வரைஞ்சதுன்னு தாத்தா சொன்னாரு" என்றான்.

அன்றே தீர்ப்புச் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. வழக்கு பார்வைக்கு அற்பமாயினும், அதில் அடங்கிய பிரச்னை அற்பமானதன்று. கையால் வரைந்த சித்திரங்களை உயிர்பெற்று நடமாடச் செய்யும் படங்கள் வெறும் பிள்ளை விளையாட்டுத்தானா? அல்லது பெரியவர்களும் மதித்துப் பேணத் தக்க ஒரு கலையா? பின்னது உண்மையானால், அக்கலைக்கு நாம் செய்திருப்பது என்ன? ஆகவே விசாரணையை ஒத்திவைத்து, அதை இவ்வியாசத்தில் நேயர்கள் முன்னிலையில் நடத்துகிறோம்.

ஜப்பானில் வரைந்த ராமாயணம்

பையன் குறிப்பிட்ட படம் 2025-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி தமிழ்க் குரலுடன் நம் நாட்டுத் திரையரங்குகளில் வெளிவந்தது. ஆனால் அது புதுப் படமன்று. 1993-ம் வருஷத்துப் படம். 1983-ல் ஒரு செய்திப் படம் எடுப்பதற்காக இந்தியாவுக்கு வந்த யூகோ ஸாகோ என்னும் ஜப்பானியர், இராமகாதையில் மனம் பறிகொடுத்து, அதைச் சித்திரப் படமாக்க வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டார். வேற்று நாட்டார் நம் இதிகாசத்தைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று இங்கே ஆட்சேபம் எழுந்தது. நம் சர்க்காரின் கூட்டும் கிடைக்கவில்லை. படம் ஜப்பானிலேயே வரையப்பட்டது. ஸாகோவுடன் கொய்ச்சி ஸஸாகி என்ற ஜப்பானியரும், பம்பாயிலிருந்த ராம் மோகன் என்ற நம் நாட்டுக் கலைஞரும் அதன் டைரக்டர்களாக இருந்தார்கள். வேட்டி எப்படி மடியும், பெரியோரை வணங்குகிறவன் எப்படிக் குனிவான், சம்மணமிட்டவன் எப்படி எழுந்திருப்பான் என்பவற்றை ஜப்பானியருக்கு நம்மவர் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் சித்திரத் தகடுகள் அப்படத்துக்குத் தேவைப்பட்டனவாகக் கூறுவர்.

அக்காலத்தில் அப்படம் நம் நாட்டுத் திரையரங்குகளில் பரவலாக ஓடவில்லை. பிற்பாடு தொலைக்காட்சியில் அதைக் கண்ட சிறுவர்களே அதை மறவாமல் வைத்திருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் கழிந்து அது திரைக்கு வந்தபோது, அன்றைய சிறுவர்கள் தகப்பன்மாராகித் தங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். நாமும் போயிருந்தோம். மாயமான் ஆசிரமத்தருகே வந்து நிற்கும் காட்சியில், நமக்கு முன் வரிசையிலிருந்த சிறு பெண், "போகாதே, போகாதே" என்று மெல்லச் சொன்னாள். பக்கத்திலிருந்த அவள் பாட்டியோ ஒன்றும் சொல்லாமல் கண்களைத் துடைத்துக்கொண்டாள். மானைத் தொடர்ந்தால் என்ன நேரும் என்பது பாட்டிக்குத் தெரியும். குழந்தைக்கு அது அப்பொழுதுதான் நேர்கிறது. ஒரே படம் இருவருக்கும் இருவேறு விதமாகப் பேசிற்று. இவ்வகைப் படங்களின் வசீகரத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டுவதில்லை.

ஒரு சிறு கணக்கு

இத்தகைய படம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறியாமல் அதன் அருமையை அறிய முடியாது. திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரு முறை படம்பிடித்து, வினாடிக்கு 12 சித்திரங்களாகச் சிக்கனம் செய்துகொள்வதும் வழக்கம். அப்படிச் செய்தாலும் பத்து நிமிஷப் படத்துக்கு 7,200 சித்திரங்கள் வேண்டும். ஒருவர் தனித்து உட்கார்ந்து நாளொன்றுக்கு 20 சித்திரங்கள் வரைவதாக வைத்துக்கொண்டால், விடுமுறையின்றி 360 நாட்கள் வரைய வேண்டும். காகிதத்தில் வரைந்த கோடுகளை ஒளி ஊடுருவும் தகட்டில் பெயர்த்து, பின்புறம் வர்ணம் தீட்டி, தனியாக எழுதிய மலை மரம் வீடு ஆகியவற்றின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பது நெடுங்காலம் நிலவிய முறை. இன்று தகட்டுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் கோட்டை இழுக்கும் கை வேண்டியிருப்பது மாறவில்லை.

கையால் இழுத்த கோடு ஒன்றைப்போல் மற்றொன்று இராது. சித்திரத்துக்குச் சித்திரம் மயிரிழை வேறுபடும். அந்த வேறுபாட்டினால், அசையாமல் நிற்கும் உருவங்கூட மூச்சு விடுவதுபோல் தோன்றுகிறது. நம் வீட்டு வாசலை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். விடியற்காலையில் பெண்கள் விரலிடுக்கில் மாவை விட்டு இழுக்கும் கோலமும் இருக்கிறது. கடையில் வாங்கி ஒட்டும் ஸ்டிக்கர் கோலமும் இருக்கிறது. பின்னதில் கோணல் கிடையாது. ஒரு புள்ளிகூடத் தவறாது. ஆயினும் தெருவில் போகிறவன் எதைப் பார்த்து ஒரு கணம் நிற்கிறான்? பிழை நேரக்கூடிய இடத்தில் பிழையின்றி ஓடிய கையையே மனிதன் வியக்கிறான்.

மற்றொன்றும் உண்டு. புகைப்படம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. சித்திரமோ வேண்டியதை மட்டும் காட்டி, மற்றதைப் பார்ப்பவன் மனத்துக்கு விட்டுவிடுகிறது. நாலு கோட்டில் ஒரு முகம் இருந்தால், குழந்தை அதில் தன் முகத்தைப் பொருத்திக்கொள்கிறது. கிழவர் தாம் இழந்த முகத்தைப் பொருத்திக்கொள்கிறார். இந்த இரகசியம் நம் முன்னோருக்குத் தெரியாததன்று. ஆட்டுத் தோலில் வெட்டிய பாவையை விளக்கொளியில் ஆட்டி ராமாயணம் நடத்திய தோற்பாவைக் கூத்தர்கள் நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற அம்மையார் கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்த நிழலுருவங்களைக் கொண்டு இளவரசர் அக்மதின் கதையை முழு நீளப் படமாக ஆக்கியது 1926-ல்தான்.

மென்மை என்பது பலவீனமன்று

நசரத்பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பூந்தமல்லியைத் தாண்டி, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் குறுக்கிடும் ஊர் அது. லாரிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. அங்குள்ள குழந்தை வெளியே வந்தால் இரைச்சல். வீட்டுக்குள் போனால் தொலைக்காட்சியிலும் செல்போனிலும் அதைவிடப் பெரிய இரைச்சல். கண் இமைப்பதற்குள் காட்சி மாறுகிறது. அடி, உதை, கூச்சல், மறுபடியும் அடி. இப்படி வளரும் பிள்ளைகளுக்கு ஒரு பொருளை நின்று பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

இங்கேதான் மென்மையான சித்திரப் படங்களின் தொண்டு தெரிகிறது. ஜப்பானில் ஹயாவோ மியாஸாகி 1988-ல் எடுத்த டொட்டோரோ படத்தில் வில்லனே கிடையாது. தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தகப்பனார் இரு பெண் குழந்தைகளுடன் கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார். பக்கத்துத் தோப்பிலே குழந்தைகளின் கண்ணுக்கு மட்டும் புலப்படும் ஒரு பெரிய வனஜீவன் வசிக்கிறது. கதை அவ்வளவுதான். மழைபெய்யும் மாலையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பது அதில் ஒரு முக்கியமான காட்சி. நம் சினிமா முதலாளிகளிடம் சொன்னால் வெட்டி எறியச் சொல்வார்கள். ஆனால் அந்தக் காத்திருப்பில் மழைத்துளி குடையில் விழும் ஓசையைக் குழந்தைகள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கோ, தாயின் நோயைப் பற்றிக் குழந்தைகளிடம் சொல்லப்படாத பயம் அந்த மழையில் கேட்கிறது.

அப்படம் வெறும் கண்ணீரோடு நின்றுவிடவுமில்லை. அதன் கதை நிகழும் இடத்துக்கு மூலமான ஸயாமா குன்றுகள் டோக்கியோ நகரின் புறத்தே உள்ளவை. நகரம் வளர வளரத் தோப்புகள் மனைகளாக மாறிக்கொண்டிருந்தன. 1990-ல் அவ்வூரார் டொட்டோரோவின் பெயரால் நிதி திரட்டத் தொடங்கினர். பொது ஜனங்கள் கொடுத்த பணத்தைக் கொண்டு காட்டைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கிக் காப்பாற்றி வருகிறார்கள். தேசத் தொண்டில் ஈடுபட்ட நம் நேயர்கள் இதைக் கவனிக்கக் கோருகிறோம். ஆயிரம் மேடைப் பிரசங்கங்கள் செய்யக்கூடிய வேலையை, பிரசங்கமே இல்லாத ஒரு சித்திரப் படம் செய்திருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் கரையும் ஒரு பெரு நகரத்தின் ஓரந்தான் என்பதை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

துக்கத்தைத் தாங்கும் வலிமையும் இக்கலைக்கு உண்டு. டொட்டோரோ வெளியான அதே நாளில், அதே ஸ்தாபனத்திலிருந்து, இஸாவோ தகஹாதா என்பவரின் படமும் சேர்ந்து வெளிவந்தது. யுத்தத்தில் கோபே நகரம் எரிந்தபின் அநாதையான ஓர் அண்ணனும் தங்கையும் பட்டினியால் மடிவதே அதன் கதை. அதைக் கண்ட எவரும் சித்திரப் படம் குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்கு மட்டுமே ஏற்பட்டது என்று பின்னர் வாய் திறக்க மாட்டார்.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. கீதாஞ்சலி ராவ் என்னும் அம்மையார் 2006-ல் வெளியிட்ட "பிரிண்டட் ரெயின்போ" என்ற பதினைந்து நிமிஷப் படம், நகரத்து அடுக்குமாடி ஒன்றில் பூனையுடன் தனித்து வாழும் ஒரு மூதாட்டியைப் பற்றியது. அம்மூதாட்டி தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பெட்டியின் படத்துக்குள்ளும் புகுந்து ஓர் உலகத்தில் உலாவி வருகிறாள். சிவகாசியும் கோவில்பட்டியும் இருக்கும் நாட்டில் பிறந்த நமக்கு, தீப்பெட்டி மேல் ஒட்டிய யானையும் மயிலும் எவ்வளவு பழக்கமானவை! அவற்றுக்குள் ஒரு கிழவியின் உலகம் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றியதில்லை. வருஷக்கணக்காகத் தம் கையாலேயே அம்மையார் அப்படத்தைத் தீட்டினார். பிரான்ஸ் தேசத்தின் கான் நகரத்து விழாவில் அதற்குப் பரிசுகள் கிடைத்தன.

நம் நாட்டின் வரலாறு

நம் நாட்டில் இக்கலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் தாதாசாஹேப் பால்கே, 1915-லேயே தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்து ஒரு வேடிக்கைப் படம் செய்தார். அது இப்பொழுது கிடைக்கவில்லை. சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவில் தாணு என்ற ஓவியர், அக்காலத்து நட்சத்திரங்களைக் கேலிச் சித்திரமாக்கி "சினிமா கதம்பம்" என்ற தமிழ்ப் படத்தைச் செய்தது 1947-ல். சுதந்திரம் பிறந்த அதே வருஷத்தில் தமிழனின் கோடு திரையில் நடந்திருக்கிறது.

1956-ல் இந்திய சர்க்கார், பம்பாயிலிருந்த பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பகுதி ஒன்றை ஏற்படுத்தியது. கற்றுக்கொடுக்க வந்தவர் கிளேர் வீக்ஸ். பாதிரிமாரான பெற்றோருக்கு இந்தியாவிலேயே பிறந்தவர். வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் "பாம்பி" என்ற மான்குட்டிப் படத்தில் வேலை செய்தவர். அவருடைய மேற்பார்வையில் 1957-ல் உருவான படமும் மானைப் பற்றியதே: "ஆலமர மான்" என்ற ஜாதகக் கதை. சினையுற்ற பெண்மானுக்குப் பதிலாகத் தன் கழுத்தை வெட்டுப் பாறையில் வைக்கும் மானரசனின் கதையை, அஜந்தா ஓவியங்களின் சாயலில் நம் கலைஞர்கள் வரைந்தார்கள். வித்தை அமெரிக்காவிலிருந்து வந்தது. கோடு நம்முடையதாக இருந்தது. கற்பதற்கும் காப்பியடிப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

அப்பகுதியில் முதன்முதல் சேர்ந்தவர்களில் ஒருவர்தாம் முற்கூறிய ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவர், அதை விட்டுப் பென்ஸிலைப் பிடித்தார். சித்திரப் படத்துக்கு தேசிய விருது பெற்றார். சத்யஜித் ராய் 1977-ல் எடுத்த சதுரங்க ஆட்டக்காரர் படத்தில் வரும் சித்திரப் பகுதி அவருடையதே. யுனிஸெப் ஸ்தாபனத்துக்காக மீனா என்ற பெண் குழந்தையைப் பற்றிய படங்களை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சகோதரனுக்குப் பெரிய பங்கும் தனக்குச் சிறிய பங்கும் ஏன் என்று கேட்கும் அந்தப் பெண், இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் எத்தனையோ குடும்பங்களில் புகுந்து பேசியவள். ராம் மோகனுக்கு 2014-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 2019-ல் அவர் காலமானார். கணக்கு நோட்டில் படம் போடும் பிள்ளைகளைக் கண்டிக்கும் பெற்றோர்கள், ரசாயனத்தை விட்டுவிட்ட இந்தப் பட்டதாரியை ஒரு முறை நினைத்துக்கொள்வது நலம்.

பிலிம்ஸ் டிவிஷனில் பிறந்த மற்றொரு படத்தை நம் நேயர்களிற் பலர் பார்த்திருப்பார்கள். விஜயா முலே அம்மையாரும் பீம்ஸேனும் சேர்ந்து 1974-ல் செய்த "ஏக், அநேக் அவுர் ஏகதா" தூர்தர்ஷனில் அடிக்கடி வந்தது. வலையில் சிக்கிய பறவைகள் ஒன்று சேர்ந்து வலையோடு பறந்து போகும் பஞ்சதந்திரக் கதை. ஏழு நிமிஷம், ஒரு பாட்டு, ஒரு குழந்தையின் கேள்வி, ஓர் அக்காளின் பதில். ஐக்கியத்தைப் பற்றி நம் தலைவர்கள் ஆற்றிய பிரசங்கங்களில் எத்தனை நமக்கு நினைவிருக்கின்றன? அந்தப் பறவைகளோ இன்றும் பறக்கின்றன.

எதிர்க்கட்சியின் வாதம்

நிற்க. மறுபக்கத்து வாதங்களையும் கேட்பதே முறை.

"இப்பொழுதுதான் இயந்திரம் வந்துவிட்டதே, இன்னும் எதற்குக் கை?" என்பது முதல் வாதம். 2025-ம் வருஷம் மார்ச் மாதத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று, எந்தப் புகைப்படத்தையும் நொடியில் மியாஸாகியின் ஜிப்லி ஸ்டூடியோ சித்திரம்போல் மாற்றித் தந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. பிராது கொடுக்க வந்த நம் அன்பரின் செல்போனிலும் அத்தகைய குடும்பப் படம் ஒன்று இருந்ததை நாம் கவனித்தோம். அதைப் பெருமையுடன் நமக்குக் காட்டினார். இயந்திரம் போட்ட படம் தகப்பனாரின் சட்டைப் பையில் கௌரவமாக இருக்கிறது. பிள்ளையின் கை போட்ட படம் குற்றப் பத்திரிகையாக வந்து நிற்கிறது! அந்த இயந்திரத்துக்கு அச்சாயல் எங்கிருந்து வந்தது? நாற்பது வருஷ காலம் முதுகு வளைந்து வரைந்த மனிதர்களின் கையிலிருந்து வந்தது. கிணற்றில் ஊற்று இருக்கும் வரையில்தான் ஏற்றம் நீர் இறைக்கும். புதிதாக வரையும் பிள்ளைகள் இல்லையானால், நாளைக்கு இயந்திரமும் பழஞ்சாயலையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும். கம்ப்யூட்டரை நாம் வெறுக்கவில்லை. கையும் கண்ணும் பழகியவன் கையில் அது நல்ல கருவி. பழகாதவனுக்கு அது எஜமானன்.

"செலவு தாங்காது" என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு. நாம் போட்ட கணக்கே அதைச் சொல்லும். ஆனால் நம் ஊர்களில் கை இல்லாமலில்லை. சென்னை, பம்பாய், ஹைதராபாத், திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அயல் நாட்டுச் சித்திரப் படங்களுக்குக் கோடு போட்டும் வர்ணம் நிரப்பியும் வயிறு வளர்த்திருக்கிறார்கள். பருத்தியை இங்கே விளைவித்து, துணியை மான்செஸ்டரிலிருந்து வாங்கிய பழைய கதை நேயர்களுக்குத் தெரியும். 2008-ல் ஹைதராபாத்திலிருந்து புறப்பட்ட சோட்டா பீம், நம்மவர் கதையும் விலைபோகும் என்பதைக் காட்டிவிட்டது. தமிழிலும் 2007-ல் "இனிமே நாங்கதான்", 2014-ல் "கோச்சடையான்" என்று கம்ப்யூட்டர்ப் படங்கள் முயற்சிக்கப்பட்டன. ஆனால் கையால் வரைந்து, தமிழ்ப் பிள்ளைகளின் நெஞ்சில் நின்ற முழு நீளத் தமிழ்ப் படம் ஒன்றின் பெயரைச் சொல்லும்படி கேட்டால், நம்மில் பலர் விழிக்கத்தான் வேண்டியிருக்கும்.

இது ஓவியர் இல்லாத வறுமையன்று. 1947-ல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவில் ஏறத்தாழ அறுபது வருஷம் வரைந்து 2020-ல் மறைந்த சங்கர், வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமனை எத்தனை தலைமுறைக்குக் காட்டினார்! விகடனில் மாலியும் கோபுலுவும் போட்ட கோடுகளைக் கண்டு தமிழ்நாடே சிரித்தது. அந்தக் கோடுகள் காகிதத்தில் நின்றுவிட்டன. அவற்றை நடக்கச் செய்ய நம்மிடையே ஒருவரும் பொறுமையோடு முன்வரவில்லை. வடபழனியில் சந்தமாமா கட்டிடம் இருந்த அதே ஆற்காடு சாலையில் மேற்கே போனால் போரூர், அதைத் தாண்டிப் பூந்தமல்லி, அப்பால் நசரத்பேட்டை. கொக்கு வரையும் பிள்ளைக்கும் விக்கிரமனை வரைந்த கைக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவே.

"குழந்தைகளுக்கு வேடிக்கை போதும், கலை எதற்கு?" என்பது மூன்றாவது வாதம். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. குழந்தைக்குப் போதும் என்று நாம் கொடுப்பது எதுவோ, அதுவே நாளைய பிரஜையின் ருசியாகிறது. பால் புட்டியில் எதை ஊற்றுகிறோம் என்று பார்க்கிற தேசம், கண்ணில் எதை ஊற்றுகிறோம் என்றும் பார்க்க வேண்டாமா?

செய்ய வேண்டுவன

வருத்தத்துக்குரிய செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கார்ட்டூன் பகுதியைப் பெற்றெடுத்த பிலிம்ஸ் டிவிஷனும், 1955-ல் குழந்தைகளுக்கென்றே தொடங்கிய சிறுவர் திரைப்படச் சங்கமும் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் இணைக்கப்பட்டு, தனி ஸ்தாபனங்களாக இல்லாமற் போயின. நிர்வாகச் சிக்கனத்தைப் பற்றி இங்கே வழக்காட நாம் வரவில்லை. ஆனால் பாத்திரத்தை மாற்றும்போது பால் சிந்தக்கூடாது. அந்த ஸ்தாபனங்கள் ஜனங்களின் வரிப்பணத்தில் செய்த படங்கள் ஜனங்களின் சொத்து. அவற்றை நல்ல தமிழ்க் குரலுடன் புதுப்பித்து, இலவசமாகப் பள்ளிகளுக்குக் கொடுப்பது கழகத்தின் கடமை.

ராஜ்ய சர்க்காரும் ஒன்று செய்யலாம். அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறுவர் படங்களைக் காட்டும் ஏற்பாட்டை 2022-ல் அது தொடங்கியது. பாராட்டத் தக்க காரியம். அவ்வரிசையில் ஆலமர மானுக்கும், மீனாவுக்கும், வலையோடு பறந்த பறவைகளுக்கும் இடம் கொடுக்க வேண்டும். 1850-ல் தோன்றிய சென்னை ஓவியக் கல்லூரியிலும் கும்பகோணம் கல்லூரியிலும் பயிலும் மாணவர்களில் சிலருக்காவது, வருஷத்துக்கு ஒரு பத்து நிமிஷத் தமிழ்ச் சித்திரப் படம் செய்யப் பணம் ஒதுக்கலாம். ஒரு மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு ஆகும் செலவுகூட அதற்கு ஆகாது என்பது நமது அபிப்பிராயம்.

சர்க்காரையே எதிர்பார்த்திருப்பது தொண்டர்களுக்கு அழகன்று. ஒவ்வோர் ஊரிலும் வாசகசாலையும் மன்றமும் இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, ஊர்க் குழந்தைகளையும் பாட்டன் பாட்டிமாரையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒரு நல்ல சித்திரப் படத்தைக் காட்டுங்கள். பெற்றோர் செல்போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்காரட்டும். முன்பு கூறிய பாட்டிக்கும் பேத்திக்கும் நேர்ந்தது தனித்திருந்து பார்ப்பவர்களுக்கு நேராது.

தீர்ப்பு

இனி, ஒத்திவைத்த வழக்குக்கு வருவோம். அன்பரையும் பிள்ளையையும் மறுபடி அழைத்துத் தீர்ப்பைச் சொன்னோம். கணக்கு நோட்டில் கணக்கு இருக்க வேண்டும் என்று உபாத்தியாயர் சொல்வது நியாயமே. ஆகவே பையன் இனி அதில் வரையக் கூடாது. ஆனால் அவன் செய்தது பாழாக்கலன்று. நாற்பது நாள் உழைப்பு. ஆகவே தகப்பனார் தம் செலவில் கோடில்லாத கெட்டி நோட்டு ஒன்றும், நல்ல பென்ஸில்கள் இரண்டும் வாங்கிக் கொடுக்க வேண்டியது. தகப்பனார் சிரித்துக்கொண்டே அப்பீல் இல்லை என்றார்.

"கொக்கு பறந்து போய்விட்டதே, தம்பி, புது நோட்டில் அது எங்கே போய் இறங்கப் போகிறது?" என்று கேட்டோம்.

பையன் சிறிது யோசித்தான். "எழும்புறது எனக்குத் தெரியுமுங்க. இறங்குறப்போ கால முன்னால நீட்டுதா, சிறக மொதல்ல மடக்குதான்னு சரியாத் தெரியல. ஏரிக்குப் போய்ப் பார்க்கணும்" என்றான்.

தகப்பனார் அவனை ஒரு கணம் பார்த்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பரம்பாக்கத்துக்குத் தாமே அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டார். வழக்கு இத்துடன் பைசலாயிற்று.